பெட்டியை மாற்றினால் மட்டும் போதுமா?
பாய்மரப் படகொன்றில் லிதியம் பற்றறி பொருத்தியபோது கற்ற பாடம்

வானொலிச் செய்தி கேட்பதற்காகச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, வீட்டுப் பிள்ளைகள் முறைவைத்து மிதியைச் சுற்றிய காலம் எம்மில் பலருக்கு மறந்திராது. 1990 களில் வடக்கில் உலர் மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்தன. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாக இருந்தது. மின்சாரத்தை உண்டாக்குவதிலும் பார்க்க அதைச் சேமித்து வைப்பதுதான் கடினம் என்பதை அன்று அந்தச் சைக்கிள் எமக்குக் கற்பித்தது. மிதிப்பது நின்றால் செய்தியும் நின்றது.

இன்று நிலைமை வேறு. சூரியத் தகடுகள் பட்டணத்துக் கடைகளில் கிடைக்கின்றன. லிதியம் பற்றறிகளும் வந்துவிட்டன. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள், மின்கம்பி எட்டாத தோட்டக் காணிகளிலும் வயற்கரைக் குடில்களிலும் இவற்றைப் பொருத்த விரும்புகின்றன. வெளிநாட்டில் உள்ள உறவினர் பணம் அனுப்புகின்றனர். சங்கங்கள் கடன் கொடுக்கின்றன. விற்பவர்களும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கின்றனர்: "பழைய பற்றறியைக் கழற்றிவிட்டு இதை வையுங்கள். அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நாம் விட்ட தவறு

சில ஆண்டுகளுக்கு முன், விவசாயிகள் சங்கமொன்று இரவில் யானைக் காவல் இருப்பவர்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டுமெனக் கேட்டது. சங்கத்திடம் நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்று இருந்தது. அதிலே ஒரு பழைய ஈய அமிலப் பற்றறியை மேலதிகமாக ஏற்றி, பகலில் உழும்போது சார்ஜ் செய்து, இரவில் காவற்குடிலுக்குக் கொண்டுபோவது அவர்களுடைய வழக்கம். பற்றறி பழுதாகிவிட்டது. அதன் இடத்தில், அதே அளவான பெட்டிக்குள் வரும் லிதியம் பற்றறி ஒன்றை வாங்கி நாமே பொருத்திக் கொடுத்தோம். பழைய கம்பிகளையே பூட்டினோம்.

முதல் இரண்டு கிழமை எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாவது கிழமை உழவு இயந்திரத்தின் ஓல்டனேற்றர் கருகியது. எஞ்சினோடு பெல்ற்றில் ஓடி மின்சாரம் தரும் அந்தப் பாகத்தை எமது ஊர்களில் டைனமோ என்றும் சொல்வார்கள். அது பெரும்போக விதைப்புக்காலம். மழை காத்திருக்கவில்லை. இயந்திரம் திருத்தப்படும் வரை ஒன்பது குடும்பங்களின் வயல் உழப்படாமல் கிடந்தது. பற்றறியில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஓல்டனேற்றரிலும் குறை இருக்கவில்லை. இரண்டையும் இணைத்த எமது அறியாமையே குறை.

அது ஏன் கருகியது என்பதற்கான முழு விடை, அடுத்த ஆண்டு எதிர்பாராத ஓர் இடத்தில் எமக்குக் கிடைத்தது: கடலில் நின்ற ஒரு படகில்.

படகு ஏன் பாடமாகிறது?

இந்து சமுத்திரத்தைக் கடக்கும் பாய்மரப் படகுகள் காலியிலும் திருகோணமலையிலும் தரித்துச் செல்வது வழக்கம். மீன்பிடிப் படகுகள் அல்ல இவை. கணவனும் மனைவியுமாக, சிலவேளை பிள்ளைகளோடும், ஆண்டுக்கணக்கில் இவற்றிலேயே குடியிருந்து நாடு நாடாகப் போகின்றனர். திருகோணமலையில் நங்கூரமிட்டிருந்த பதினொரு மீற்றர் நீளமான படகொன்றில் ஒரு தம்பதியர் பழைய பற்றறிகளை எடுத்துவிட்டு லிதியம் பற்றறித் தொகுதி பொருத்தினார்கள். கைவேலைக்கு ஆள் தேவைப்பட்டது. நாம் இருவர் மூன்று நாட்கள் போனோம். கூலிக்குப் பதிலாகக் கேள்விகள் கேட்க அனுமதி பெற்றுக்கொண்டோம்.

படகு என்பது மின்கம்பி இல்லாத ஒரு வீடு. குளிர்ப்பெட்டி, விளக்கு, தண்ணீர்ப் பம்பி, காற்றாடி, வானொலித் தொடர்புக் கருவி, திசைகாட்டும் கருவி யாவும் 12 வோல்ற்றில் ஓடுகின்றன. மின்சாரம் வருவது இரண்டே வழியில்: மேலே சூரியத் தகடு, உள்ளே எஞ்சின். நடுக்கடலில் பிழை நேர்ந்தால் கூப்பிட மின்வினைஞர் இல்லை. தீப்பிடித்தால் ஓடித் தப்ப வெளியும் இல்லை. ஆகவே அங்கே எதையும் "பரவாயில்லை" என்று விடமுடியாது. தனிமையில் நிற்கும் எமது வீடுகளுக்கும் குடில்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இருவகைக் குளங்கள்

பற்றறியை ஒரு குளமாக நினைத்துக்கொள்வோம். வோல்ற்று என்பது நீர்மட்டத்தின் உயரம். அம்பியர் என்பது துருசால் பாயும் நீரின் அளவு. அம்பியர் மணி என்பது குளத்தின் கொள்ளளவு. 100 அம்பியர் மணிப் பற்றறி 5 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் தரும்.

ஈய அமிலப் பற்றறி பாதிக்கு மேல் இறைக்கக்கூடாத குளம். அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினாலோ, நிரப்பாமல் நாட்கணக்கில் விட்டாலோ அதன் ஆயுள் விரைவாகக் குறையும். பாதி வரை பாவித்தாலும் சில நூறு தடவைகளில் களைத்துவிடும். அதன் கடைசிப் பகுதியை நிரப்புவதற்கும் பல மணித்தியாலம் வேண்டும். எமது சூரியத் தகட்டுக்கு அதற்குள் பொழுது பட்டுவிடும்.

லிதியம் பற்றறியில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் பாவிக்கலாம். ஒழுங்காகப் பேணினால் இரண்டாயிரம் தடவைக்கு மேல் இறக்கி ஏற்றலாம். பாதியில் நின்றாலும் அதற்குத் தீங்கில்லை. 100 அம்பியர் மணி ஈயப் பற்றறி ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும். அதே கொள்ளளவுள்ள லிதியம் 12 கிலோ அளவில் இருக்கும். அந்தப் படகில் மூன்று ஈயப் பற்றறிகளைத் தூக்கி இறக்க நால்வர் தேவைப்பட்டனர். புதியதை ஒருவரே ஏற்றினார்.

லிதியத்திலும் வகை உண்டு

லிதியம் என்றாலே தீப்பிடிக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். கைத்தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் பெரும்பாலும் உள்ளவை கோபோற்று கலந்த வகை. அவை எடைக்கு அதிக சக்தி தரும். ஆனால் மிகையாகச் சூடேறினால் தமக்குள்ளேயே ஒட்சிசனை விடுவித்துக் கடுமையாக எரியக்கூடியவை. படகுகளிலும் வீடுகளிலும் வைப்பதற்கு விரும்பப்படுவது வேறொரு வகை: லிதியம் இரும்பு பொசுபேற்று. அதில் ஒட்சிசன் பொசுபரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் இலகுவில் வெளியேறாது. அது எரியவே எரியாது என்று சொல்லமுடியாது. நசுங்கினாலோ மிகைவெப்பம் அடைந்தாலோ தீப்பற்றும் வாயுவைக் கக்கும். ஆயினும் இருவகையில் சாதுவானது இதுவே.

இவ்வகையை 1997 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப் என்ற அறிஞரின் குழுவினர் உலகுக்கு அறிவித்தனர். அதற்கு வழிதிறந்த முந்திய ஆய்வுகளை 1980 களின் பிற்பகுதியில் அவரோடு சேர்ந்து செய்தவர் ஒரு தமிழர்: தமிழ்நாட்டின் தென்பகுதிக் கிராமமொன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் கற்ற ஆறுமுகம் மந்திரம். 2019 இல் குடினஃப் தமது 97 ஆவது வயதில் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றபோது, ஸ்ரொக்கோமில் அவர் சார்பில் பரிசுரையை வாசித்தவரும் இவரே.

வாங்கும்போது "லிதியமா?" என்று மட்டும் கேட்கவேண்டாம். "இரும்பு பொசுபேற்றா?" என்று கேளுங்கள். ஒரு கலத்தின் வோல்ற்று 3.2 என்று எழுதியிருந்தால் அது இரும்பு பொசுபேற்று. 3.6 அல்லது 3.7 என்றிருந்தால் மற்றைய வகை.

முதல் நாள்: கணக்கு

படகுக்காரர் முதலில் கையில் எடுத்தது கருவிப்பெட்டியை அல்ல, பென்சிலை. ஒரு நாளில் எது எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று எழுதினார்:

குளிர்ப்பெட்டி: 5 அம்பியர், 12 மணி – 60
உள்விளக்குகள்: 1 அம்பியர், 6 மணி – 6
நங்கூர விளக்கு: கால் அம்பியர், 12 மணி – 3
வானொலி, திசைகாட்டி: 1 அம்பியர், 10 மணி – 10
தண்ணீர்ப் பம்பி: 6 அம்பியர், அரை மணி – 3
கணினி, தொலைபேசி: 4 அம்பியர், 4 மணி – 16
காற்றாடிகள்: 1 அம்பியர், 10 மணி – 10
மொத்தம்: 108 அம்பியர் மணி

பழைய ஈயப் பற்றறிகள் மூன்றும் சேர்ந்து 300 அம்பியர் மணி. பாவிக்கக்கூடியது 150. மழைமேகம் இரண்டு நாள் நின்றால் போதாது. புதியது 280 அம்பியர் மணிக் கலங்கள் நான்கு, தொடராக இணைத்து 12.8 வோல்ற்று. தொடராக இணைக்கும்போது வோல்ற்றுத்தான் கூடும். கொள்ளளவு 280 ஆகவே இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு 224. வெயில் இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். மேலே 400 வாற்று சூரியத் தகடுகள். நல்ல வெயில் நாளில் 120 அம்பியர் மணி அளவில் தரும். அன்றாடச் செலவை அன்றாட வெயில் ஈடுசெய்யும்.

இந்தக் கணக்கைப் போடாமல் பற்றறி வாங்குவது, எத்தனை ஏக்கர் என்று பாராமல் விதைநெல் வாங்குவதற்கு ஒப்பானது.

நான்கு கலங்களும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும் என்பதற்காக, நாம் போவதற்கு முன்னரே அவற்றைச் சமாந்தரமாக இணைத்து 3.65 வோல்ற்று வரை நிரப்பிச் சமப்படுத்தியிருந்தார். ஒரு கலம் முந்தி நிரம்பி மற்றது பிந்தினால், தொகுதி முழுவதும் பிந்திய கலத்தின் பயனைப் பெறாது. மூடிய பெட்டியாக வரும் பற்றறியில் இவ்வேலை தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். இரண்டு பெட்டிகளைச் சமாந்தரமாக இணைப்பதானால், ஒரே தயாரிப்பும் ஒரே வயதும் உடையவையாக இருக்கவேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுதாக நிரப்பிய பின்னரே இணைக்கவேண்டும்.

இரண்டாம் நாள்: இடம், கம்பி, உருகி

பற்றறியை எஞ்சின் அறையில் வைக்கவில்லை. அங்கே வெப்பம் அதிகம். வெப்பம் கூடக்கூட ஆயுள் குறையும். காற்றோட்டமுள்ள, நனையாத இடத்தில், படகு சரிந்தாலும் அசையாதபடி பட்டி போட்டுக் கட்டினார். எமது ஊரில் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் சுவரோரம் வைப்பது எஞ்சின் அறையில் வைப்பதற்குச் சமம். மண் சுவர் அறையின் நிழல் மூலையே நல்ல இடம். தரையில் வைக்காமல் ஒரு பலகைத் தட்டில் வையுங்கள். வெள்ளமும் எறும்பும் வரும்.

வேலை தொடங்குமுன் படகுக்காரரின் மனைவி எம் ஒவ்வொருவர் கையையும் பார்த்தார். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி யாவற்றையும் கழற்றச் சொன்னார். 12 வோல்ற்று மனிதரை அதிர வைப்பதில்லை. ஆனால் இரு முனைகளுக்கும் இடையில் ஒரு மோதிரமோ ஸ்பனரோ விழுந்தால் பல ஆயிரம் அம்பியர் பாயும். உலோகம் கணத்தில் செஞ்சூடாகும், விரல் போய்விடும். ஸ்பனரின் பிடியை இன்சுலேசன் ரேப்பால் சுற்றினோம். ஒரு முனையில் வேலை செய்யும்போது மறுமுனையை மூடி வைத்தோம்.

இந்தப் பெரும் பாய்ச்சலுக்காகவே உருகி முக்கியமாகிறது. பற்றறியின் நேர்முனையிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் பிரதான உருகியைப் பொருத்தினார். உருகிக்கும் பற்றறிக்கும் இடைப்பட்ட கம்பிக்கு எந்தக் காவலும் இல்லை. ஆகவே அது எவ்வளவு குட்டையாக உள்ளதோ அவ்வளவு நல்லது. உருகியும் சாதாரணமானதல்ல. வாகனங்களில் பாவிக்கும் மலிவான உருகி, ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும்போது உருகிய பின்னும் தீப்பொறிப் பாலமாகத் தொடர்ந்து கடத்தக்கூடும். அவர் பாவித்தது கிளாஸ் ரீ எனப்படும் வகை. 20,000 அம்பியர் வரை துண்டிக்க வல்லது. கடையில் உருகி வாங்கும்போது "எத்தனை அம்பியர்?" என்று மட்டும் கேட்கிறோம். "எத்தனை அம்பியரைத் துண்டிக்கும்?" என்பதையும் கேட்கவேண்டும்.

அடுத்தது கம்பி. 230 வோல்ற்றுக்கு மாற்றும் இன்வேர்ட்டர் 1,000 வாற்று. அது முழு வேகத்தில் ஓடும்போது 12 வோல்ற்றுப் பக்கத்தில் 100 அம்பியர் இழுக்கும். மற்றவற்றையும் சேர்த்தால் 125. ஆகவே 150 அம்பியர் உருகியும் 50 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியும் போட்டார். வீட்டுச் சுவரில் ஓடும் மெல்லிய கம்பியால் இவ்வேலையைச் செய்தால் கம்பியே அடுப்பாகும். கம்பி முனைகளில் செப்புக் காதுகளை வைத்து, ஐதரோலிக் இடுக்கியால் நசுக்கிப் பிடித்தோம். ஈயம் உருக்கி ஒட்டவில்லை. மிகையாகச் சூடேறினால் ஒட்டு இளகிவிடும். ஒவ்வொரு மரையையும் இறுக்கிய பின், ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கும்படி ஒரு தாளில் எழுதி ஒட்டினார். தளர்ந்த ஒரு மரை போதும் தீ மூட்டுவதற்கு.

துருசடியில் நிற்கும் வட்டவிதானையார்

லிதியம் பற்றறிக்குள் ஒரு மின்னணுக் காவலர் உண்டு. பற்றறி முகாமைத் தொகுதி என்று பெயர், கடைகளில் பி.எம்.எஸ். என்பார்கள். அது ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கவனிக்கும். ஒரு கலம் 3.65 வோல்ற்றுக்கு மேலே போனாலும், 2.5 க்குக் கீழே இறங்கினாலும், பாய்ச்சல் மிஞ்சினாலும், சூடு கூடினாலும் உடனே இணைப்பைத் துண்டிக்கும். குளத்தைக் காக்க வட்டவிதானையார் துருசை அடைப்பது போல.

ஆனால் ஒரு வேறுபாடு. வட்டவிதானையார் முதலில் எச்சரிப்பார், கமக்காரர்களோடு பேசுவார். பி.எம்.எஸ். பேசாது. அது காப்பது பற்றறியை, உங்களை அல்ல. நள்ளிரவில் கப்பல்கள் ஓடும் பாதையில் படகு போய்க்கொண்டிருக்கையில் அது துண்டித்தால் விளக்கு, வானொலி, திசைகாட்டி யாவும் ஒரே கணத்தில் அணைந்துவிடும். இதனாலேயே அமெரிக்கப் படகு, உல்லாசப்படகுச் சபை 2022 இல் வெளியிட்ட ஈ-13 என்ற நியமம், துண்டிக்குமுன் ஒலியாலோ ஒளியாலோ எச்சரிக்கை தரவேண்டும் என்கிறது.

படகுக்காரர் எமக்குச் சொன்ன விதி இது: காவலர் கதவை அடைக்கும் நிலைக்கு ஒருநாளும் விடாதீர்கள், அதற்கு முன்னரே நீங்கள் நிறுத்துங்கள். மேல் எல்லை 14.6 வோல்ற்று என்றால் சார்ஜரை 14.2 இல் நிறுத்தினார். கீழே ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்போதே அலாரம் அடிக்கச் செய்தார். பி.எம்.எஸ். கடைசி வேலியே தவிர அன்றாடப் படலை அல்ல.

மூன்றாம் நாள்: கருகியது ஏன் என்ற விடை

மூன்றாம் நாள் எஞ்சினைப் பற்றறியோடு இணைக்கும் வேலை. உழவு இயந்திரத்தின் கதையை அப்போது சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "படகுகளிலும் ஆரம்பத்தில் இதேதான் நடந்தது" என்றார்.

காரணம் இதுதான். ஈயப் பற்றறி நிரம்ப நிரம்பத் தானே வாயைச் சுருக்கிக்கொள்ளும். ஓல்டனேற்றருக்கு ஓய்வு கிடைக்கும். லிதியம் பற்றறியோ வரண்ட வயல் போன்றது. நிரம்பும் வரை கொடுப்பது அத்தனையையும் குடிக்கும். சிறிய ஓல்டனேற்றர் மணித்தியாலக் கணக்கில் தன் முழுப் பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் காற்றாடியும் மெதுவாகவே சுழலும், சூடு வெளியேறாது. உழவு இயந்திரத்தில் நடந்தது இதுவே.

இன்னோர் ஆபத்தும் உண்டு. ஓல்டனேற்றர் முழு வேகத்தில் கொடுத்துக்கொண்டிருக்கையில் பி.எம்.எஸ். திடீரெனத் துண்டித்தால், வாய்க்காலில் பாயும் வெள்ளத்தை ஒரே அடியாக அடைத்தது போலாகும். வரம்பு உடையும். வோல்ற்று ஒரு கணம் பல மடங்கு எகிறி, ஓல்டனேற்றரின் டயோட்டுகளையும் இணைந்துள்ள கருவிகளையும் எரித்துவிடும்.

பரிகாரம் எளியது. எஞ்சினை இயக்கும் ஈயப் பற்றறியை அப்படியே விட்டார். ஓல்டனேற்றர் அதை மட்டுமே நிரப்பும். அதிலிருந்து லிதியத்துக்கு டீசீ-டீசீ சார்ஜர் என்ற இடைக்கருவி ஒன்றின் மூலம், 30 அம்பியருக்கு மேற்படாமல் போகும்படி செய்தார். படகின் ஓல்டனேற்றர் 60 அம்பியர். பாதிச் சுமையில் அது சோர்வில்லாமல் ஓடும். லிதியம் துண்டிக்கப்பட்டாலும் ஈயப் பற்றறி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும்.

சூரியத் தகட்டுப் பக்கம் மாற்றவேண்டியது சார்ஜ் கட்டுப்படுத்தியின் அமைப்பு. ஈயப் பற்றறிக்கான அமைப்பிலேயே விட்டால், சில கட்டுப்படுத்திகள் இடையிடையே 15 வோல்ற்றுக்கு மேலே ஏற்றிக் "கொதிக்க" வைக்கும். அது ஈயத்துக்கு மருந்து, லிதியத்துக்கு நஞ்சு. அந்தப் படகில் வைத்த அமைப்பு: நிரப்புதல் 14.2 வோல்ற்று, அங்கே அரை மணி, பின் 13.4 இல் தாங்கல். கொதிக்க வைத்தல் முற்றாக நிறுத்தம். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தரும் அளவு சற்று வேறுபடலாம்; பற்றறியோடு வரும் தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள். இணைக்கும்போது முதலில் பற்றறி, பின்னர் தகடு. கழற்றும்போது முதலில் தகடு, பின்னர் பற்றறி. இந்த ஒழுங்கு மாறினால் கட்டுப்படுத்தி பழுதடையக்கூடும்.

மட்டம் பார்ப்பது எப்படி?

ஈயக் குளத்தின் அளவுகோலைப் பார்த்து நீர் எவ்வளவு என்று ஓரளவு சொல்லலாம். லிதியக் குளம் ஏமாற்றும். பத்தில் ஒன்பது பங்கு இருக்கும்போதும் பத்தில் மூன்று பங்கு இருக்கும்போதும் வோல்ற்று 13 ஐ ஒட்டியே நிற்கும். கடைசியில் சடுதியாக விழும். வோல்ற்றுமீற்றரை நம்பியிருந்தவர் இருட்டில் இருப்பார். ஆகவே உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எண்ணும் கருவி வேண்டும். மறைமுனைக் கம்பியில் ஷண்ட் என்ற துண்டைப் பொருத்தி, எல்லா மறைக் கம்பிகளையும் அதன் வழியாகவே கொண்டுபோகவேண்டும். ஒரு கம்பி விலகிப் போனாலும் கணக்குப் பிழைக்கும். சங்கக் கணக்கில் எழுதப்படாத செலவு போல.

பல மாதம் பாவிக்காமல் விடுவதானால் முழுதாக நிரப்பியும் வைக்கவேண்டாம், வெறுமையாகவும் வைக்கவேண்டாம். பாதியளவில் வைத்து, இணைப்புகளைக் கழற்றி, இடைக்கிடை பார்த்துக்கொள்ளுங்கள். பி.எம்.எஸ். தானும் சிறிது குடிக்கும். வெறுமையான பற்றறியை அதுவே கொன்றுவிடும்.

நித்திரையில் இருப்பவர்களுக்காக

2019 செப்ரெம்பர் 2 ஆம் திகதி அதிகாலை, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கொன்செப்சன் என்ற சுழியோடிகளின் படகு தீப்பிடித்தது. கீழ்த்தட்டில் நித்திரையிலிருந்த 34 பேர் இறந்தனர். தீ எதனால் தொடங்கியது என்பதை விசாரணையாளரால் உறுதியாகக் கூற முடியவில்லை. கருவிகளின் பற்றறிகள் சார்ஜ் செய்யப்பட்ட பகுதியும் ஆராயப்பட்டது. ஆனால் ஒன்று உறுதியானது: இரவில் சுற்றிப் பார்க்கும் காவல் இருக்கவில்லை. தீ பெருகிய பின்னரே கண்டார்கள்.

எனவே, எவ்வகைப் பற்றறியையும் படுக்கும் பாயருகே சார்ஜில் விடவேண்டாம். வெளியேறும் ஒரே வாசலை ஒட்டியும் வைக்கவேண்டாம். பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய, வகை தெரியாத கலங்களை மலிவுக்கு வாங்கிச் சேர்க்கவேண்டாம். வீங்கிய கலம் எவ்வளவு புதிதானாலும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது.

மீண்டும் காவற்குடிலுக்கு

அந்தச் சங்கத்தாரிடம் திரும்பிப் போய் எமது பிழையைச் சொன்னோம். உழவு இயந்திரத்தின் ஓல்டனேற்றருக்கான செலவை நாமே ஏற்றோம். லிதியம் பற்றறியை இயந்திரத்திலிருந்து முற்றாகப் பிரித்தோம். காவற்குடிலின் கூரையில் 100 வாற்றுத் தகடு ஒன்றையும், சரியாக அமைத்த கட்டுப்படுத்தியையும், உருகியையும் பொருத்தினோம். சங்கத்தின் செயலாளரான அக்கா ஒரு கொப்பியில் நாள்தோறும் எண்ணுங்கருவியின் அளவை எழுதுகிறார். அந்தக் கொப்பி எந்தக் காவலரையும் விட நல்ல காவலர். பற்றறி குறைவாக நிரம்பிய ஒரு கிழமையை அதில் பார்த்தே தகட்டில் தூசி படிந்திருந்ததை அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பெட்டியை மாற்றுவது ஒரு மணித்தியால வேலை. அதோடு இணைந்த யாவற்றையும், எமது பழக்கத்தையும் மாற்றுவதற்குப் படகில் மூன்று நாள் சென்றது. அந்த மூன்று நாளுக்கும் காசு ஒதுக்காதவர் பற்றறிக்குக் காசு கொடுக்கவேண்டாம்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது வீட்டில், குடிலில் ஒரு நாளில் எந்தெந்தக் கருவி எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது? படகுக்காரரைப் போல் ஒரு பட்டியல் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.
2. எமது ஊரில் உழவு இயந்திரத்தோடு அல்லது வாகனத்தோடு நேரடியாக இணைத்த லிதியம் பற்றறிகள் உண்டா? உரியவருக்கு யார் எடுத்துச் சொல்வது?
3. எமது பற்றறிக்கு உருகி உண்டா? அது பற்றறியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது?
4. இரவில் பற்றறி தீப்பிடித்தால் பிள்ளைகளும் முதியோரும் எந்த வழியால் வெளியேறுவர்?
5. சங்கம் சேர்ந்து வாங்கும் பற்றறியின் கணக்குக் கொப்பியை யார் எழுதுவது? அவர் இல்லாத நாளில் யார்?